கார்த்திகைப் பொரி உருண்டையும் கணக்கில் ஏறாத கூலியும்

மாமல்லபுரம் கடற்கரைக்குச் செல்வோர், கணேச ரதத்துக்கு அண்மையில், சரிந்த பாறையொன்றின்மேல் இப்பொழுதே உருண்டு விடுவது போல நிற்கும் பெருங்கல்லைக் காணாமல் திரும்புவதில்லை. ஏறக்குறைய 20 அடி உயரமுள்ள அக்கல்லுக்கு வான்இறைக்கல் என்ற பெயரும் உண்டு. ஆயினும் மக்கள் நாவில் நிலைத்த பெயர் கிருஷ்ணனின் வெண்ணெய் உருண்டை என்பதே. 2019ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் இந்தியப் பிரதமரும் சீனக் குடியரசுத் தலைவரும் அதன் முன்னே நின்று எடுத்துக்கொண்ட படம் உலகெங்கும் சென்றது. கருங்கல்லைக் கண்டபோதும் தின்பண்டத்தின் பெயரை இட்டு மகிழ்ந்தவர்கள் நம் மக்கள்!

உருண்டைக்கும் நமக்கும் உள்ள உறவு அத்தகையது. புரட்டாசிச் சனிக்கிழமையன்று எள்ளுருண்டை. கோகுலாஷ்டமிக்கு உருட்டிப் பொரித்த வெல்லச் சீடை. கல்யாண வீட்டுக்குப் பொருள்விளங்கா உருண்டை. கார்த்திகைத் தீபத்துக்கு நெல்பொரி உருண்டை, அவல்பொரி உருண்டை. இவற்றுள் கார்த்திகை உருண்டை நெல் விளைவிப்பவர், கடலை பயிரிடுபவர், கரும்பு ஆட்டுபவர் ஆகிய மூவரின் உழைப்பையும் ஒரே பிடியில் சேர்ப்பது. ஆதலால் கூட்டுறவாளர்களாகிய நாம் அதனை நம்முடைய பண்டிகைப் பண்டம் என்று உரிமை கொண்டாடுவதில் தவறில்லை.

அண்மைக் காலமாக இதற்கு ஒரு போட்டி வந்திருக்கிறது. செங்கற்பட்டுக் கடைத்தெருவில் அடுமனைக் கண்ணாடிக்குப் பின்னால், சிறு குச்சிகளின் நுனியில் வண்ண வண்ண உருண்டைகள் நிற்பதை அங்கத்தினர் பலர் கண்டிருப்பர். கேக்கை உதிர்த்து, இனிப்புக் குழம்பு சேர்த்துப் பிசைந்து, உருட்டிக் குச்சியில் செருகி, உருக்கிய சாக்லேட்டில் தோய்த்து எடுப்பது அது. கேக் பாப் என்பது அதன் பெயர். இந்நூற்றாண்டில் அமெரிக்காவிலிருந்து பரவி, அங்கே கிறிஸ்துமஸ் முதலிய பண்டிகைகளுக்கு வீடுகளில் தாய்மார்களும் குழந்தைகளும் கூடிச் செய்யும் பண்டமாகியிருக்கிறது. உதிர்ந்ததை ஒன்று சேர்த்து உருட்டுவதே அதற்கும் மூலம். நம் பாட்டிமார் பொரியையும் வெல்லத்தையும் கொண்டு செய்ததும் அதுவே. குழந்தைகள் அதனை விரும்புவதைக் குறை கூற நாம் முன்வரவில்லை. ஆனால் குச்சியில் நிற்கும் உருண்டைக்குத் தயங்காமல் விலை கொடுக்கும் நாம், வீட்டில் உருட்டிய உருண்டைக்கு என்ன விலை மதிக்கிறோம்? இக்கேள்வியே இக்கட்டுரைக்குக் காரணம்.

மழை மாதத்தின் நிலை

கார்த்திகை பிறக்கும்போது வடகிழக்குப் பருவமழை நம் பகுதியில் உச்சத்தில் இருக்கும். ஏரிகள் நிரம்பும், மதுராந்தகத்துக் கலங்கலைப் பார்க்கக் கூட்டம் செல்லும். உழவனுக்கு அது மகிழ்ச்சி. நெசவாளிக்கோ அது சோதனை. தறிக்குழியில் ஈரம் ஊறுகிறது. தெருவில் பாவு நீட்டிப் பதப்படுத்த வெயில் வேண்டும், வெயில் இல்லை. தறி நிற்கிறது, தறி நின்றால் கூலி நிற்கிறது. ஆடிப் பட்டத்தில் மானாவாரியாகக் கடலை விதைத்தவருக்கோ, ஐப்பசியில் பறித்த காயை உலர்த்த முடியாத கவலை. இவ்விரு வகையினர் இல்லங்களிலும் பணம் தேவைப்படும் மாதமும் இதுவே. தீபாவளிக் கடன் தீர்ந்திராது. கார்த்திகை வாசலில் நிற்கும்.

இந்நிலையில், மாமல்லபுரத்துக்கும் திருக்கழுக்குன்றத்துக்கும் இடைப்பட்ட சிற்றூர் ஒன்றில், மகளிர் சிலர் ஒன்று கூடிப் பண்டிகைக்கு உருண்டை செய்து விற்கத் தொடங்கினர். சங்கத் தணிக்கைக்காக நாம் அவ்வூருக்குச் சென்றது, சென்ற ஆண்டு கார்த்திகை முடிந்த வாரத்தில். தங்கள் நோட்டுப் புத்தகத்தையும் பார்த்துத் தரும்படி அவர்கள் கேட்டுக்கொண்டனர். அந்நோட்டைப் பற்றிப் பின்னர்ச் சொல்வோம். கணக்குக்கு முன்னே பண்டம் செம்மையாக வேண்டும். ஆகவே முதலில் பாகின் பதத்தைக் கவனிப்போம்.

பாகின் பதம்

பொரி உருண்டைக்கு வேண்டுவன மிகச் சில. உமி நீக்கிப் புடைத்த பொரி எட்டுக் கிண்ணம் எனில், பொடித்த வெல்லம் ஒன்றரைக் கிண்ணம் போதும். பொட்டுக்கடலை கால் கிண்ணம், சுக்குப்பொடி அரைத் தேக்கரண்டி, ஏலம் இரண்டு மூன்று. வீட்டில் உடனே உண்பதற்காயின் நெய்யில் வறுத்த தேங்காய்ப் பல் சேர்க்கலாம். சில நாள் வைத்திருக்கவோ விற்கவோ கருதினால் தேங்காயை விலக்கிவிட வேண்டும். கடலை உருண்டைக்கு, வறுத்துத் தோல் நீக்கிய பருப்பு மூன்று பங்கு எடைக்கு வெல்லம் இரண்டு பங்கு எடை என்பது நல்ல அளவு.

வெல்லத்தில் அது மூழ்கும் அளவினும் குறைவாக நீர் விட்டுக் கரைத்து, வடிகட்டி மண்ணை நீக்குக. பிறகு அடி கனத்த பாத்திரத்தில் காய்ச்சுக. பாகு நுரைத்துக் கொதிக்கத் தொடங்கியதும், ஒரு கிண்ணத்தில் குளிர்ந்த நீர் வைத்துக்கொண்டு, அதில் ஒரு துளி விட்டுப் பார்க்க வேண்டும். முதலில் துளி கரைந்தோடும். சிறிது பொழுதில் அடியில் தங்கி, விரலால் திரட்டினால் மெத்தென்ற உருண்டையாகும். இது அதிரசத்துக்கு ஏற்ற பதம். மேலும் காய்ச்சினால், திரட்டிய உருண்டை கெட்டியாகி, தட்டில் போட்டவுடன் ‘டங்’ என்று ஒலிக்கும். பொரிக்கும் கடலைக்கும் இந்தப் பதமே வேண்டும். வெப்பமானி வைத்திருப்போர் 121 முதல் 130 பாகை செல்சியஸ் வரை என்று கொள்ளலாம். அதற்கு மேலும் அடுப்பில் விட்டால் பாகு கருகிக் கசக்கும்.

இதனை எழுதும் நாமே இப்பதத்தில் ஒரு முறை தோற்றவர்கள். சில ஆண்டுகளுக்கு முன் நம் இல்லத்தில், அவசரத்தின் காரணமாக, துளி மெத்தென்று திரண்டவுடனேயே பாத்திரத்தை இறக்கி விட்டோம். இல்லாள் வேண்டாமென்று தடுத்தும் கேட்டிலோம். உருண்டைகள் அழகாகவே நின்றன. மறுநாட் காலையில் டப்பாவைத் திறந்தபோது, உருண்டை என்று ஒன்றும் இல்லை; பொரி நமுத்து ஒரே கட்டியாகக் கிடந்தது. “ஊர்க் கணக்கிலெல்லாம் பிழை காண்பவர் ஒரு துளியின் கணக்கில் தவறிவிட்டீர்களே” என்று இல்லாள் நகைத்தது இன்றும் நினைவில் இருக்கிறது.

அத்தோல்வியின் காரணத்தை அறிதல் நன்று. வெல்லம் காற்றிலுள்ள ஈரத்தை ஈர்க்கும் இயல்புடையது. பாகில் நீர் மிகுந்து நின்றால் அவ்வீரம் பொரிக்குள் இறங்கும். கடற்கரையை அடுத்த ஊர்களில், அதுவும் மழை மாதத்தில், காற்றில் ஈரம் எப்போதும் மிகுதி. ஆகவே உள்நாட்டு ஊரில் தப்பிப் பிழைக்கும் அரைகுறைப் பாகு, மாமல்லபுரத்தில் பிழைக்காது. உருண்டை முற்றிலும் ஆறிய பின்னரே டப்பாவில் இடவேண்டும். சூட்டோடு மூடினால் அதன் ஆவியே அதனைக் கெடுக்கும். மூடி இறுகப் பொருந்திய டப்பாவில் வைத்தால், நல்ல பதத்தில் எடுத்த பொரி உருண்டை ஒரு வாரத்துக்கு மேலும் மொறுமொறுப்பாக இருக்கும். கடலை உருண்டை இன்னும் நாட்பட நிற்கும்.

மற்றொன்றையும் கவனிக்க வேண்டும். பாகு இறங்கியபின் பொழுது மிகக் குறைவு. பொரியைக் கொட்டிக் கிளறி, கையில் அரிசி மாவைத் தொட்டுக்கொண்டு, சூடு தாங்கும் அளவுக்கு ஆறியவுடனே உருட்டியாக வேண்டும். சற்றுத் தாமதித்தால் கலவை இறுகிவிடும். மீண்டும் இளஞ்சூட்டில் வைத்து இளக்க நேரும். தனியொருத்தியால் ஒரு சமயத்தில் சில உருண்டைகளே இயலும். நான்கு பேர் சுற்றி அமர்ந்தால் ஒரு பாத்திரம் முழுதும் முடியும். கார்த்திகை உருண்டை பிடிக்க அண்டை வீட்டாரை அழைத்துக்கொண்ட பழைய வழக்கம் இத்தேவையிலிருந்து வந்ததே. கூட்டுறவு என்ற சொல்லைக் கேட்டறியாத காலத்திலும் இத்தொழில் கூடிச் செய்யும் தொழிலாகவே இருந்தது.

கடலையில் ஒரு எச்சரிக்கை

கடலை பயிரிடும் அங்கத்தினர் இப்பகுதியை ஊன்றிப் படிக்க வேண்டுகிறோம். 1960ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட வான்கோழிகள் காரணம் தெரியாமல் மடிந்தன. ஆராய்ந்ததில், அவற்றுக்கு இட்ட தீவனத்திலிருந்த கடலைப் பிண்ணாக்கில் பூஞ்சணம் பிடித்திருந்ததும், அப்பூஞ்சணம் ஒரு நஞ்சை உண்டாக்கியிருந்ததும் தெரியவந்தது. அந்நஞ்சுக்கு அஃப்ளடாக்சின் என்று பெயரிட்டனர். அது கல்லீரலைத் தாக்குவது. நெடுநாள் உட்கொண்டால் புற்றுநோய்க்கும் காரணமாவது. வறுத்தால் ஓரளவு குறையுமேயன்றி முற்றும் நீங்காது. வெல்லப் பாகின் இனிப்பும் அந்நஞ்சை மாற்றாது.

பறித்தவுடன் கடலைக் காயில் ஈரம் மிகுந்திருக்கும். அதனை நூற்றுக்கு 8 பங்கு அளவுக்கு வரும்வரை உலர்த்தினால் பூஞ்சணம் வளர இடமில்லை. காயைக் காதருகே ஆட்டினால் பருப்பு கலகலவென்று ஒலிக்க வேண்டும். பருப்பைத் தேய்த்தால் தோல் எளிதில் உரிய வேண்டும். மழைக்காலத்தில் வெறுந்தரையில் பரப்பாமல், தார்ப்பாய் விரித்தோ சிமெண்டுக் களத்திலோ மெல்லிய படலமாகப் பரப்பி, அடிக்கடி கிளறிவிட்டு, மாலையில் மூடி வைத்தல் வேண்டும். ஈரக் காயைச் சாக்கில் கட்டி அடுக்குவது மிகப் பெரும் தவறு. தோலுரிப்பதற்காகக் காயின்மேல் நீர் தெளிக்கும் வழக்கத்தையும் அடியோடு விட்டுவிட வேண்டும்.

உருண்டைக்குப் பருப்பு எடுக்கும்போது, சுருங்கியவை, நிறம் மாறியவை, முளை விட்டவை, பூசணம் பூத்தவை ஆகியவற்றைக் கையால் பொறுக்கி நீக்குக. நீக்கியதை மாட்டுக்கும் வைக்கலாகாது. அந்நஞ்சின் மாற்றுரு பசுவின் பாலில் இறங்கி, மீண்டும் நம் வீட்டுக் குழந்தையிடமே வந்து சேரும். இப்பொறுக்கும் வேலைக்கு ஒரு மணி நேரம் ஆகலாம். அந்த ஒரு மணி நேரத்துக்கும் விலை உண்டு என்பதை நினைவில் வைத்துக்கொண்டு மேலே செல்வோம்.

நோட்டுப் புத்தகம் சொன்ன செய்தி

அச்சிற்றூர் மகளிரின் நோட்டுப் புத்தகம் மிகத் துப்புரவாக எழுதப்பட்டிருந்தது. வெல்லம், கடலை, ஏலம், விறகு, உறை என்று ஒன்றும் விடாமல் செலவு பதிந்திருந்தனர். வரவுப் பக்கத்தில் கடைக்காரர் கொடுத்த தொகை. அடியில், ‘லாபம்’ என்று எழுதிச் சிவப்பு மையால் இரு கோடு. நாம் பாராட்டினோம். பாராட்டிய பின், “அம்மா, உருட்டியவர்களின் கூலி எந்தப் பக்கத்தில் இருக்கிறது?” என்று கேட்டோம்.

அவர்களுள் மூத்தவர் முகத்தில் வியப்பே தோன்றியது. “வீட்டு வேலைக்கு யாரய்யா கூலி போடுவார்கள்?” என்றார்.

அருகில் நின்ற அவர் கணவர் நெசவாளி. “மழைக்குத் தறி நிற்கிறது, சும்மா இருக்கும் கைகள்தானே ஐயா” என்று அவரும் சொன்னார். தீய எண்ணத்துடன் சொன்னதன்று; ஊரார் அனைவரும் நினைப்பதையே அவர் சொன்னார்.

அந்நோட்டின் சாயலில் ஒரு மாதிரிக் கணக்கை இங்கே தருகிறோம். விலைகள் ஊருக்கு ஊர், நாளுக்கு நாள் மாறுபவை. வாசகர்கள் தத்தம் ஊர் விலையை இட்டுப் பார்த்துக்கொள்க.

கடலைப் பருப்பு 3 கிலோ, கிலோ ரூ. 150 வீதம் ரூ. 450. வெல்லம் 2 கிலோ, கிலோ ரூ. 60 வீதம் ரூ. 120. ஏலம், சுக்கு, நெய் ஆகியவற்றுக்கு ரூ. 50. எரிபொருள் ரூ. 60. உறையும் சீட்டும் ரூ. 70. ஆகச் செலவு ரூ. 750. பருப்பு வறுபடுவதிலும், தோல் நீங்குவதிலும், வெல்லத்தை வடிகட்டுவதிலும் எடை சற்றுக் குறையும். ஆதலால் நாலரைக் கிலோ பண்டம் கிடைப்பதாகக் கொள்வோம். உருண்டை ஒன்று 25 கிராம் எனில் 180 உருண்டைகள். கடைக்காரர் ஒன்று ரூ. 5 வீதம் எடுத்துக்கொண்டால் வரவு ரூ. 900. செலவு போக மிச்சம் ரூ. 150. நோட்டில் சிவப்புக் கோடு விழுவது இந்த 150க்கே.

இப்பொழுது கூலியைச் சேர்ப்போம். பொறுக்க, வறுக்க, தோலுரிக்க, பாகு காய்ச்ச, உருட்ட, ஆறவைத்து உறையிட என்று மூன்று பெண்கள் நான்கு மணி நேரம் உழைத்தால் பன்னிரண்டு மணி உழைப்பு. மணிக்கு ரூ. 60 என்று வைத்தாலும் ரூ. 720. உண்மைச் செலவு ரூ. 1,470. உருண்டை ஒன்றின் அடக்க விலை எட்டு ரூபாய்க்குச் சற்று மேல். அதனை ரூ. 5க்கு விற்றதால் ரூ. 570 நட்டம். வேறு வகையாகச் சொன்னால், லாபம் என்று கண்ட 150 ரூபாய், பன்னிரண்டு மணி உழைப்புக்கு மணிக்குப் பன்னிரண்டரை ரூபாய் ஆகிறது. எஞ்சிய கூலி எங்கே போயிற்று? மலிவு விலை என்ற பெயரில், அது கடைக்காரருக்கும் வாங்கியவருக்கும் இனாமாகப் போயிற்று.

நெசவாளி அன்பரிடம் நாம் ஒன்றே கேட்டோம். “சேலைக்கு நூல் விலையையும் சரிகை விலையையும் மட்டும் போட்டு, நெய்கூலிக்கு இடமே விடாமல் ஒரு வியாபாரி கணக்கு எழுதினால் ஒப்புக்கொள்வீரா?” அவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு அவர் மனைவியே மெல்லச் சொன்னார்: “அந்த நெய்கூலியிலும் நான் தார் சுற்றின கூலி தனியாக இல்லையே ஐயா.”

அச்சொல் நம்மைச் சிந்திக்க வைத்தது. பட்டதாரியாகிக் கூட்டுறவுச் சட்டம் பயின்று, ஆண்டுகள் சில ஏடுகளைப் புரட்டி வரும் நமக்கு, அந்த இடைவெளி அதுவரை கண்ணில் பட்டதில்லை. சங்கத்தின் பேரேட்டில் கூலி என்று ஒரு வரி இருக்கிறது. அவ்வரிக்குள் எத்தனை கைகள் அடங்கியுள்ளன என்று நாம் கேட்டதில்லை. தறியில் அமர்பவர் ஒருவர். நூல் இழைப்பவர், தார் சுற்றுபவர், இழை அறுந்தால் முடிபோடுபவர் எனப் பலர். உருண்டைக் கணக்கில் கண்ட குறை நம் தறிக் கணக்கிலும் உண்டு என்பதை ஒளிக்காமல் எழுதி விடுகிறோம்.

எண்பது ரூபாயில் தொடங்கிய எழுவர்

இத்தகைய குறையைத் தவிர்த்துக்கொண்டவர்களும் உண்டு. 1959ஆம் ஆண்டு மார்ச் 15ஆம் நாள், பம்பாயில் கிர்காம் பகுதியில், ஒரு கட்டடத்தின் மொட்டை மாடியில் ஏழு குஜராத்திப் பெண்கள் கூடினர். அவர்கள் கடனாகப் பெற்ற முதல் ரூ. 80. செய்த பண்டம் அப்பளம். முதல் நாள் செய்தவை நான்கு பொட்டலங்கள். அதுவே பின்னர் இலிஜ்ஜத் அப்பளம் என்ற பெயரில் நாடெங்கும் அறியப்பட்டது. 1966இல் அவர்கள் அமைப்பு சங்கமாகப் பதிவு பெற்றது. கதர் கிராமத் தொழில் ஆணையத்தின் ஏற்பும் பெற்றது. அவ்வெழுவருள் ஒருவரான ஜஸ்வந்திபென் போபட் அவர்களுக்கு 2021இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பெற்றது.

அவர்கள் வெற்றிக்கு அடிப்படையாக இருந்த முறை எளிது. மாவைச் சங்கமே ஒரே தரமாகப் பிசைந்து கொடுக்கும். உறுப்பினர் சகோதரிகள் அதனை வீட்டுக்கு எடுத்துச் சென்று அப்பளமாக இடுவர்; திருப்பிக் கொடுக்கும்போது தரம் பார்த்து, இட்ட அளவுக்குக் கூலி பெறுவர். லாபமும் நட்டமும் எல்லாருக்கும் பொது. கூலி முதலில், லாபம் பிறகு என்னும் ஒழுங்கை அவர்கள் விடவில்லை. வீட்டு வேலை என்று உலகம் ஒதுக்கிய அப்பளம் இடுதலை, கூலிக்குரிய தொழில் என்று ஆக்கிக் காட்டியவர்கள் அவர்கள்.

வெல்லமும் கடலையும் சேர்ந்த எளிய பண்டம் எவ்வளவு பெயர் பெறலாம் என்பதற்கு நம் நாட்டிலேயே சான்றுண்டு. கோவில்பட்டிக் கடலை மிட்டாய்க்கு 2020ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது. ஊரின் பெயரே பண்டத்துக்கு மதிப்பாயிற்று.

நம் பகுதியும் கூட்டுறவுக்குப் புதியதன்று. இந்தியாவில் 1904ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் முதலில் தோன்றிய கிராமக் கடன் சங்கம், அன்றைய செங்கற்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்த திரூரில் அமைந்ததே. அவ்வூர் இன்று திருவள்ளூர் மாவட்டத்தில் உள்ளது. அதே ஆண்டில் பெரிய காஞ்சிபுரத்தில் நகரக் கூட்டுறவு வங்கியும் தோன்றிற்று. வட்டிக்காரரின் பிடியிலிருந்து உழவரை மீட்க முன்னோர் கண்ட வழி அது. இன்று வீட்டுப் பெண்களின் உழைப்பை, கணக்கில் ஏறாத நிலையிலிருந்து மீட்பது நம் தலைமுறையின் கடன்.

சங்கங்கள் செய்யக்கூடியவை

முதலாவது, மூலப்பொருளைச் சேர்த்து வாங்குதல். கடலை பயிரிடும் அங்கத்தினரிடமிருந்தே, நன்கு உலர்ந்து பொறுக்கிய பருப்பை நியாய விலைக்குச் சங்கம் வாங்கி மகளிர் குழுவுக்கு வழங்கலாம். பறித்தவுடன் ஈரக் காயை மலிவாக விற்றுவிட்டு, பண்டிகைக்குக் கடலை உருண்டையைக் கடையில் விலைக்கு வாங்கும் நிலை உழவருக்கும் வேண்டியதில்லை.

இரண்டாவது, வேலையைப் பகுத்தல். ஒருவர் பொறுக்க, ஒருவர் வறுக்க, ஒருவர் பாகு காக்க, பலர் உருட்ட என்று பகுத்துப் பெரிய அளவில் செய்தால், பன்னிரண்டு மணி வேலை எட்டு மணியில் முடியக் கூடும். அப்பொழுது மேற்சொன்ன கணக்கில் கூலி ரூ. 480; அடக்கம் ரூ. 1,230. அங்கத்தினருக்கே நேராக, முன்பதிவின் பேரில், ஒன்று ரூ. 8 வீதம் கொடுத்தால் வரவு ரூ. 1,440. கூலி போகவும் ரூ. 210 மிஞ்சும். இதுவே மெய்யான லாபம்.

மூன்றாவது, சட்டத்தை மதித்தல். விற்பனைக்கென்று செய்யும்போது, 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் பதிவு பெற வேண்டும். உறையின்மேல் பண்டத்தின் பெயர், சேர்ந்த பொருள்கள், எடை, செய்த நாள், உண்ணத்தக்க கெடு, செய்தவர் முகவரி, பதிவு எண் ஆகியவை இருத்தல் வேண்டும். கடலை சிலருக்கு ஒவ்வாமையை உண்டாக்கும். ஆதலால் கடலை சேர்ந்தது என்பதைத் தெளிவாக எழுதுக. முழுப் பருப்புள்ள உருண்டையை ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் கொடுக்கலாகாது, தொண்டையில் அடைத்துக்கொள்ளும். அவர்களுக்குப் பருப்பை நன்றாகப் பொடித்து வெல்லத்துடன் பிடித்துத் தருக.

குச்சியைப் பற்றியும் ஒரு சொல். அக்குழுவிலிருந்த கல்லூரி மாணவியொருத்தி, “நாமும் உருண்டையை மூங்கில் குச்சியில் செருகி விற்கலாமே, அக்கா” என்று யோசனை கூறினாள். பெரியவர்கள் சிரித்தனர். ஆயினும் செய்து பார்த்தனர். குழந்தைகள் ஓடி வந்தனர். ஆனால் குச்சி உறையைத் துளைத்து ஈரக் காற்றை உள்ளே விட்டது. கடைக்கு அனுப்பியதில் ஒரு பகுதி பிசுபிசுத்துத் திரும்பி வந்தது. முழு உருண்டையை நன்றாக மூடி, குச்சியைத் தனியே கொடுத்து, உண்ணும்போது செருகிக்கொள்ளச் செய்யலாமா என்று பார்த்தால், இறுகிய உருண்டையில் குச்சி இறங்கவில்லை. இறுதியில், குச்சி செருகியவற்றைத் தீபத்தன்று மாலையிலேயே ஊருக்குள் விற்பது, வெளியூருக்கு அனுப்புவன குச்சியில்லாமல் செல்வது என்று முடிவு செய்தனர். புதுமையை வெறுக்கவும் இல்லை. அதற்காக ஏமாறவும் இல்லை. இது நல்ல வழி.

புதிய பத்தி

இவ்வாண்டு ஐப்பசியில் அவ்வூருக்கு மீண்டும் செல்ல நேர்ந்தது. மழை தூறிக்கொண்டிருந்தது, தறி நின்றிருந்தது. மூத்த அம்மையார் புதிய நோட்டொன்றைக் கொண்டுவந்து காட்டினார். வெல்லம், கடலை, விறகு, உறை என்னும் தலைப்புகளுக்கு அடுத்தாற்போல ‘கைக்கூலி’ என்று ஒரு பத்தி, கோணலாக ஆனால் அழுத்தமாகக் கோடிடப்பட்டிருந்தது. அதில் இன்னும் ஒரு தொகையும் ஏறவில்லை. சென்ற ஆண்டு ஐந்து ரூபாய்க்கு எடுத்த கடைக்காரர், எட்டு ரூபாய்க்கு எடுக்க மறுத்துவிட்டாராம். “ஆர்டர் குறையும் என்று பயமாகத்தான் இருக்கிறது ஐயா. ஆனாலும் பத்தியை அழிக்க மனம் வரவில்லை” என்றார்.

அவர் அச்சம் நியாயமானதே. அதனை நீக்கும் பொறுப்பு நம்முடையது. அங்கத்தினர் அன்பர்களே! இக்கார்த்திகைக்கு உங்கள் வீட்டில் உருண்டை பிடிப்பீர்களாயின் மிக்க மகிழ்ச்சி. துளியின் ஒலியைக் கேட்டுப் பாகை இறக்குங்கள். உருட்டுவதற்கு ஆண்களும் வந்து அமருங்கள். பிடிக்க இயலாதவர்கள் உங்கள் ஊர் மகளிர் குழுவிடம் முன்கூட்டியே சொல்லி வாங்குங்கள். வாங்கும்போது, ஒரு ரூபாய் குறையுங்கள் என்று கேட்குமுன், அந்த ஒரு ரூபாய் எந்தப் பத்தியிலிருந்து குறையும் என்று ஒரு கணம் எண்ணிப் பாருங்கள்.